முடிச்சு அவிழாத மூட்டைகள்

ஒரு மனிதனின் நல்ல பெயருக்கு விலையே கிடையாது என்பார்கள். அதெல்லாம் விற்றுப் பார்க்காதவர்களின் பேச்சு. அந்தக் கெமிக்கல் மண்டியில் அது நானூறு கிலோ சலவைச் சோடாவுக்குப் போயிருந்தது. அதுவும் பேரமே இல்லாமல், கேட்ட மாத்திரத்தில்.

கொடுத்தவர் மண்டியின் கிடங்குக்காரர். கிடங்குச் சாவி இடுப்பில் தொங்கத் தொங்கவே தலை நரைத்தவர். சரக்கில் நானூறு கிலோ குறைகிறது என்று முதலாளி கத்தியபோது, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதன் பிறகு தெருவில் அவரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

அவருடைய மனைவி இன்று காலை வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார், முழு நாற்காலிக்கும் உரிமை இல்லாதவர் மாதிரி. உட்கார்ந்த இடம் சர்வேயரின் ஆபீஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடையையும் நனைந்த சரக்கையும் அளந்து நஷ்டம் சொன்னவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் துப்பறிய வந்துவிட்டார். 'சர்வேயர்' என்ற பெயர் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. பக்கத்து மேஜையில் அவருடைய உதவியாளர். பெயர் எதுவோ, ஊர் கூப்பிடுவது பட்டாசு என்று. திரி கிள்ள வேண்டிய அவசியம்கூட இல்லாத ரகம். அவளே இன்று வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகன். அதே மண்டியில் வேன் ஓட்டியவன். கிடங்கின் இரண்டாவது சாவி அவனிடம் இருந்தது. அப்பா திருட்டை ஒப்புக்கொண்ட அன்று, வேலையாட்கள் பார்க்க, இனிமேல் என் முகத்தில் விழிக்காதே என்று அவரிடம் சொல்லிவிட்டுத் துணிமணியோடு வீட்டைவிட்டுப் போனான். அப்பா இறந்த அன்று வந்தான். எதிர்ச் சாரியில் நின்றான். அப்படியே திரும்பிப் போனான்.

"அவர் எடுத்திருந்தா அது எனக்குத் தெரியணும்," என்றார் அந்த அம்மா. "எடுக்கலேன்னா எம்புள்ளைக்குத் தெரியணும். ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுங்க, போதும்."

இரண்டு பேருக்குமே சொல்ல வேண்டிவரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

*

மண்டி முதலாளி வணக்கத்தைக்கூடத் தள்ளுபடி கழித்துத்தான் சொல்வார். பாதிக் கையை மட்டும் உயர்த்தினார். அவர் சொன்ன கதை இது.

மண்டியில் எப்போதும் விற்பது தூள் சோடாதான். இந்த வருஷம் ஒரு தயாரிப்பாளர் படிகச் சோடாவை, கண்ணாடிக் கட்டி மாதிரி இருக்குமே அதை, தூளின் விலையில் பாதிக்குத் தள்ளிவிடப் பார்த்தார். முதலாளி அந்தப் பாதியிலும் கொஞ்சம் கடித்துக்கொண்டு ஒரு டன் வாங்கிப் போட்டார். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ, நாற்பது மூட்டை. கேட்டிருந்த சாயப்பட்டறை கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டது. சரக்கு கோடை முழுக்கக் கிடங்கில் தூங்கியது. எடுத்துத் தராசில் வைத்தால் ஒவ்வொரு மூட்டையும் பதினைந்து கிலோ சுமாருக்குத்தான் நின்றது. ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் அறுநூறு.

"ரெண்டே சாவி," என்றார் முதலாளி. "பையன் அப்பதான் புது பைக் எடுத்திருந்தான். எனக்கு அவன் மேலதான் சந்தேகம். போலீசுக்குப் போன் பண்ண ரிசீவரைக் கையில எடுத்துட்டேன். அப்பதான் பெரியவர் வாயைத் திறந்தார்."

மூட்டைகள் இன்னும் இருக்கின்றனவா என்று சர்வேயர் விசாரித்தார். நாற்பதும் அப்படியே மாடி அறையில் கிடப்பதாகவும், குறைச் சரக்கை வாங்க ஆள் இல்லை என்றும் முதலாளி அலுத்துக்கொண்டார்.

மாடி அறைக்குத் தகரக் கூரை. மேலே நான்கு விசிறிகள். நாக்கு ஒட்டிக்கொள்ளும் வறட்சி. கிடங்கிலேயே உயர்ந்த இடம் இதுதான் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். தூள் சோடாவுக்கு ஈரம் பட்டால் கல்லாகிவிடும். அதனால் நல்ல சரக்கைக் கிடங்குக்காரர் இங்கேதான் ஏற்றுவாராம். இந்தப் படிகம் தடித்த பிளாஸ்டிக் பையில் வந்தது. பையின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்ததைப் பார்த்துப் பதறிப்போய், நாற்பதையும் அவரே காய்ந்த கோணிக்கு மாற்றி, தைத்து, இங்கே அடுக்கி, விசிறியைப் போட்டுவிட்டாராம்.

சர்வேயர் மூட்டைகளின் வாயைப் பார்த்துக்கொண்டே நடந்தார். சணல் கயிற்றுத் தையல். கடைசியில் ஒரு விசித்திரமான முடிச்சு: மூன்று சுற்று, வால் நுனி உள்ளே போய் மறைந்திருந்தது.

"அது பெரியவர் முடிச்சு," என்றார் முதலாளி. "அவருக்கும் பையனுக்கும்தான் வரும். நானும் போட்டுப் பார்த்தேன். விரல்தான் மாட்டிக்கிச்சு."

"உங்க கைக்குள்ள போன எதுவும் வெளிய வர்றது கஷ்டம்தானே முதலாளி," என்றாள் பட்டாசு.

முதலாளி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். சர்வேயர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துத் தையலின் ஓரத்தை ஆராய்ந்தார். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. கோணியில் ஊசி போன துளைகள் ஒரே ஒரு வரிசை. பிரித்து மறுபடி தைத்திருந்தால் துளை இரட்டித்திருக்கும். அவர் ஒரு மூட்டையின் வாயை அறுத்தார்.

மேலே பூத்துப்போன வெள்ளைத் தூள், சுண்ணாம்பு உதிர்ந்த மாதிரி. கையை முழங்கை வரை விட்டுத் துழாவியதில் நடுவிலிருந்து ஒரு கட்டி வந்தது. வெளியே மாவு, உடைத்தால் உள்ளே கண்ணாடி.

பட்டாசு அதை வாங்கி விரலால் தேய்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

"சார், இது காலேஜ்ல என்னைக் கவுத்த பரீட்சை. படிக நீர்."

பிறகு அவள் சொன்னதில் கேலி குறைவு, விஷயம் அதிகம். சில உப்புகள் படிகமாகும்போது தண்ணீரையும் கூடவே கட்டிக்கொள்ளும். தொட்டால் ஈரம் தெரியாது, பிழிந்தால் சொட்டாது. ஆனால் தராசுக்குத் தெரியும். சலவைச் சோடா அந்த விஷயத்தில் பேராசைக்காரன்: ஒரு சோடா மூலக்கூறுக்குப் பத்துத் தண்ணீர் மூலக்கூறு. எடை போட்டால் நூறு கிலோ படிகத்தில் அறுபத்துமூன்று கிலோ தண்ணீர், மீதி முப்பத்தேழுதான் சோடா. வறண்ட காற்று கிடைத்தால் அந்தத் தண்ணீர் சத்தமில்லாமல் கிளம்பிவிடும். கோணிக்கு வாய் கட்டலாம், மூச்சைக் கட்ட முடியாது.

"ஆகமொத்தம் முதலாளி, நீங்க பேரம் பேசி வாங்கின ஒரு டன்ல அறுநூத்து முப்பது கிலோ வெறும் தண்ணி."

முதலாளி பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்தார். "பாதி விலைன்னாங்களே," என்றார்.

"தண்ணிக்கு அது அதிகம்தான்."

ஆனால் சர்வேயர் தலையை அசைத்தார். காற்று எடுத்திருக்கலாம் என்பது வேறு, காற்றுதான் எடுத்தது என்பது வேறு. கோடையில் கொஞ்சம் காற்று எடுத்திருக்கும், மீதியைக் கை எடுத்திருக்கும் என்று நாளைக்கே முதலாளி சொல்வார். சொல்லாவிட்டால் அவர் வியாபாரியே இல்லை. துளை வரிசையைக் காட்டினால், அப்பனும் மகனும் பழைய துளையிலேயே ஊசி விடத் தெரிந்தவர்கள் என்பார்.

"காத்து தண்ணியை மட்டும்தான் எடுக்கும்," என்றார் சர்வேயர். "சோடாவை விட்டுட்டுப் போகும். திருடனுக்கு அந்த நாசூக்கு கிடையாது. ரெண்டையும் சேர்த்து அள்ளிட்டுப் போவான். அப்போ நாம காணாமப் போனதைத் தேட வேண்டாம். இருக்கறதை எடை போட்டாப் போதும்."

*

மண்டியின் பின்பக்கம் ஒரு சோதனை அறை. சரக்கின் தரம் பார்க்க வைத்தது. நாளாவட்டத்தில் முதலாளியின் குடைகள் குடியேறியிருந்தன. குடைகளை நகர்த்தியதும் ஒரு மின் அடுப்பும், கண்ணாடிக் கூண்டுக்குள் நுண் தராசும் கிடைத்தன. பட்டாசு நாற்பது மூட்டையிலும் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி, நடுவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வந்து, பொடித்துக் கலந்து, பத்து கிராம் நிறுத்து ஒரு பீங்கான் மூசையில், உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம் அது, போட்டாள்.

கணக்கை முதலாளிக்குப் புரிகிற மாதிரி அவளே விளக்கினாள். வாங்கிய ஆயிரம் கிலோவில் சோடா முந்நூற்று எழுபது. அது முழுக்க இப்போதைய அறுநூறில் இருக்கிறதென்றால், இந்தப் பத்து கிராமைக் காய்ச்சித் தண்ணீரை விரட்டியதும் ஆறு கிராமுக்குச் சற்று மேலே மிஞ்ச வேண்டும். நானூறு கிலோவையும் திருடன் அள்ளியிருந்தால், மிச்சம் கிடப்பது பழைய படிகம். பத்து கிராம் காய்ந்து காய்ந்து மூன்றே முக்காலுக்குக் கீழே போய்விடும். நடுவில் எங்காவது நின்றால் காற்றும் கையும் கூட்டு வியாபாரம்.

"காலேஜ்ல எங்கே கோட்டை விட்டே?" என்று சர்வேயர் கேட்டார்.

"எல்லா இடத்திலயும் சார். அவசரப்பட்டுச் சூடேத்தினேன், பாதி வெளிய தெறிச்சுது. சுடச்சுட எடை போட்டேன், தப்பாக் காட்டுச்சு. திறந்து வச்சு ஆறவிட்டேன், காத்துல இருந்த ஈரத்தை மறுபடி குடிச்சுக்கிச்சு. அந்த மூணையும் செய்யாம இருந்தா இன்னிக்குப் பாஸ்."

சிறு சூட்டில் ஆரம்பித்து ஏற்றினாள். இறக்கி, மூடி போட்ட ஜாடியில் ஆறவைத்து, நிறுத்தாள். எட்டு கிராமுக்கு மேல். மறுபடி அடுப்பு. ஏழு. ஒரே எடை இரண்டு தடவை காட்டினால்தான் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். அதுவரை எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

மூன்றாவது தடவை ஆறு புள்ளி ஐந்து. இறங்கிக்கொண்டே இருந்தது. முதலாளி எழுந்து தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எண் இன்னும் இறங்கினால் ஒரு செத்த மனிதன் திருடன். நின்றுவிட்டால் தன் பேரம்தான் திருடன். அவர் எதற்கு வேண்டிக்கொண்டார் என்று முகத்தில் எழுதியிருந்தது.

நான்காவது தடவை ஆறு புள்ளி இரண்டு.

பட்டாசு மறுபடி அடுப்பில் வைத்தாள். ஆறவைத்து நிறுத்தாள். ஆறு புள்ளி இரண்டு. இன்னொரு தடவை, யாரும் கேட்காமலே, காய்ச்சி நிறுத்தாள். எண் அசையவில்லை.

"நின்னுடுச்சு சார்," என்றாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தராசைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்துப் பேசினார். "அப்போ அந்த ஆள் எதுக்குய்யா ஒத்துக்கிட்டார்?"

அதைத்தான் சர்வேயரும் கேட்க நினைத்தார். ரிசீவரைக் கையில் எடுத்ததற்கும் அவர் வாயைத் திறந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் விசாரித்தார். முதலாளி யோசித்தார். கிடங்குக்காரர் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாராம். பின்னாலேயே போன முதலாளி வாசலில் நின்று பார்த்தாராம். கிழவர் ஒவ்வொரு மூட்டையின் முடிச்சையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கடைசி மூட்டையருகில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி வந்து, "பையன் பேரை இழுக்காதீங்க, நான்தான் எடுத்தேன்" என்றார்.

பட்டாசு அடுப்பை அணைத்தாள். "எடுத்தவன் தான் போட்ட முடிச்சையே எதுக்குத் தடவிப் பார்க்கணும்?"

சர்வேயர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், திரும்பி முதலாளியிடம் ஒன்று கேட்டார்: நடந்ததை வேலையாட்கள் முன்னால் சொல்ல வேண்டும். பழக்கதோஷம், முதலாளி அதற்கும் பேரம் பேசினார். ரெண்டு பேர் முன்னாடி சொன்னால் போதாதா என்றார்.

"எத்தனை பேர் முன்னாடி அவர் தலை குனிஞ்சாரோ அத்தனை பேர்," என்றார் சர்வேயர். "இதுல தள்ளுபடி கிடையாது."

*

மகன் இப்போது வேறொரு கம்பெனியில் வேன் ஓட்டினான். ஷெட்டில் வேனின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் முதுகைக் காட்டினான். அம்மா அனுப்பினார்களா என்றான். அந்த ஆளைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் போய்விடுங்கள் என்றான். சிறு வயதில் கீழே கிடந்த பென்சிலை எடுத்து வந்ததற்காகத் தெருக்கோடி வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைத்த அப்பா அது. அவர் திருடினார் என்பதைவிட, இத்தனை வருஷம் தனக்குப் பாடம் நடத்தினார் என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பட்டாசு நடுவில் புகுந்து, பத்து கிராம் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். துடைத்த கை நின்றது.

"அவரே வாயால ஒத்துக்கிட்டாரே," என்றான்.

"ஒத்துக்கிட்டார். நீ ஏன் நம்பினே?" என்றார் சர்வேயர்.

"அவர் சொன்னதும் மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். எல்லா மூட்டையும் அந்த முடிச்சு. வெளியாள் தைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அது எங்க ரெண்டு பேருக்குத்தான் வரும். நான் போடலைன்னு எனக்குத் தெரியும். அப்போ வேற யாரு?"

சர்வேயர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். எரிந்த கடைகளின் நஷ்டத்தை அவர் நின்றபடியே சொல்லிவிடுவார். இதற்கு உட்கார வேண்டியிருந்தது.

"மூட்டையை யாரும் பிரிக்கவே இல்லை தம்பி. அப்பா முதல்ல தைச்ச தையல்தான் அது. ஆனா பிரிக்காம எடை எப்படிக் குறையும்னு அவருக்கும் தெரியலை, உனக்கும் தெரியலை. நீ பார்த்த அதே முடிச்சை உனக்குக் கொஞ்சம் முன்னாடி அவரும் பார்த்தார். தான் எடுக்கலைன்னு அவருக்குத் தெரியும்."

அவர் நிறுத்தினார். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகன் கண்ணாடியில் ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் எடுத்தேன்னு நினைச்சாரா?"

"எடுத்திருந்தாலும் பரவாயில்லைன்னு நினைச்சார்."

துணி கீழே விழுந்தது. அவன் வேனின் படியில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பட்டாசு குனிந்து துணியை எடுத்து, மீதிக் கண்ணாடியைத் தானே துடைக்க ஆரம்பித்தாள்.

*

கிடங்குக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில், சர்வேயர் காரின் பின் சீட்டில் மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். பட்டாசு முன் சீட்டில் குரலைத் தாழ்த்தி ஒரு சந்தேகம் கேட்டாள். காயும் மேல்மாடி அறை, கோணி, விசிறி. பிளாஸ்டிக் பையிலேயே விட்டிருந்தால் ஒரு கிலோகூடப் போயிருக்காது. தூளைப் பாதுகாக்கிற அக்கறையைப் படிகத்துக்குக் காட்டினார், அதுவே அவரைக் கவிழ்த்தது. இதையும் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? கேட்டால் பொய் சொல்வதில்லை, கேட்காவிட்டால் சொல்வதில்லை என்று சர்வேயர் முடிவு செய்தார்.

கிடங்குக்காரரின் வீடு இரண்டு அறைகள். சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலி மடித்தபடி சாய்ந்திருந்தது. அந்த அம்மா மகனைப் பார்த்ததும் எழவில்லை, அழவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவன் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

சர்வேயர் எல்லாவற்றையும் சொன்னார்: காற்றை, முடிச்சை, மாடிக்குப் போன அந்த ஒரு நிமிஷத்தை. நாளைக் காலை மண்டியில் முதலாளி எல்லோர் முன்னாலும் பேசுவார் என்பதையும். அந்த அம்மா குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ரூம்ல வச்சிருந்தார்?"

பட்டாசு சர்வேயரைப் பார்த்தாள். "மாடி ரூம்லம்மா."

"அங்கதான் வைப்பார். நல்ல சரக்குன்னா அங்கதான்." அதைப் புரிந்துகொண்டு சொன்னாரா, புரியாமல் சொன்னாரா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்த ரெண்டு மாசத்துல அவர் ஒரு வார்த்தைகூட எங்கிட்டச் சொல்லலை," என்றார் பிறகு. "பையன் சாப்பிட்டானான்னு மட்டும் தினம் கேப்பார். திருட்டுப் பய, கேக்கறதைப் பாருன்னு நான் மனசுக்குள்ள திட்டுவேன்."

மகன் அம்மாவின் கையைப் பிடித்தான். அவர் பிடிக்க விட்டார்.

பட்டாசுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. கணக்கை ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது போலும். வந்தது ஆயிரம் கிலோ, இருப்பு அறுநூறு, காற்றோடு போன தண்ணீர் நானூறு, சோடாவில் ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை, ஆகக்கூடிக் கணக்கு நேர் என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த அம்மா கடைசி எண்வரை கவனமாகக் கேட்டுக்கொண்டார். கிடங்குக்காரரோடு குடித்தனம் நடத்தியவர். கணக்கு அவருக்கும் தெரியும்.

"மண்டிக் கணக்கு நேராயிடுச்சு, சரிம்மா," என்றார். "இந்த வீட்டுக் கணக்கு மூணு. நான் இருக்கேன். இவன் இன்னிக்குத் திரும்பி வந்துட்டான். மீதி ஒண்ணை வராக்கடன்னு எழுதிக்கங்க."